ஈர்க்குச்சி அளவு

ஜூன் மாதத் தொடக்கத்தில் விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் கூட்டம் கூடுவது பெரும்பாலும் மூன்று பொருட்களுக்காக: நோட்டுப் புத்தகம், சீருடை, பிள்ளைகளுக்கான ஷூ. முதல் இரண்டிலும் பெற்றோருக்குப் பெரிய குழப்பம் இல்லை. நோட்டுக்குப் பக்கக் கணக்கு உண்டு. சீருடைக்குத் தையற்காரர் இரண்டு விரற்கடை உள்மடிப்பு விட்டுத் தைத்துத் தருவார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஷூவுக்கு உள்மடிப்பு கிடையாது. அந்த உள்மடிப்பை எங்கே வைப்பது என்பதே கடை வாசலில் நடக்கும் பேச்சு முழுவதும்.

"வளர்ற புள்ள, ரெண்டு நம்பர் பெருசாவே குடுங்க" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கடைக்காரர் மறுப்பதில்லை. "முன்னாடி கொஞ்சம் பஞ்சு வெச்சுக்குங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிவிடுகிறார். பஞ்சு இல்லாத வீட்டில் செய்தித்தாள். அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் பஞ்சின் மீதோ தாளின் மீதோ விரல்களை ஊன்றி, குதிகால் கழன்று கழன்று மாட்டப் பள்ளிக்கு நடக்கிறது. மாத இறுதிவரை சம்பளத்தை நீட்டிக்கத் தெரிந்த எங்களைப் போன்ற குடும்பங்களில் இதுவே சிக்கனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. இது உண்மையில் சிக்கனம்தானா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினோம். அந்தக் கணக்கு எங்களை எதிர்பாராத சில இடங்களுக்கு அழைத்துச் சென்றது.

எங்களைப் பற்றிச் சில வரிகள் சொல்லிவிடுவது நல்லது. வீடு விழுப்புரத்தில். ஒருவர் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மற்றவர் இங்கேயே ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். இரண்டு பிள்ளைகள். மகன் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு நாலரை வயது. இருவரின் கால்களுக்காகவும் ஓராண்டுக்கு எங்களால் ஒதுக்க முடிவது 2,000 ரூபாய். பள்ளிக்குக் கறுப்பு ஷூ, விளையாட்டு நாளுக்கு வெள்ளைக் கான்வாஸ், வீதிக்குச் செருப்பு என்று எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும்.

*

முதலில் அந்த 'நம்பர்' என்பது என்ன என்று பார்த்தோம். நம் கடைகளில் புழங்கும் எண்கள் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. அவர்களின் பழைய அளவை முறையில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம். ஷூவின் ஒரு நம்பர் என்பது ஒரு வாற்கோதுமை மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். குழந்தைகளின் எண்வரிசை 4 அங்குலத்தைச் சுழியமாகக் கொண்டு தொடங்குகிறது. 13 வரை ஏறிப் பிறகு மறுபடியும் 1 என்று ஆரம்பிக்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் போன ஆண்டு 13 வாங்கியவர்கள் இந்த ஆண்டு 1 என்ற எண்ணைக் கண்டு திகைத்து நிற்பது இதனால்தான். ஐரோப்பியக் கணக்கில் ஓர் எண்ணுக்கு 6.67 மில்லிமீட்டர். சில பெட்டிகளில் இரண்டு எண்களும் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்றே மாறும்.

இனி எங்கள் மகளின் காலை எடுத்துக்கொள்வோம். ஜூனில் அவளைத் தாளின் மீது நிற்க வைத்து அளந்தபோது குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனி வரை 165 மில்லிமீட்டர். நடக்கும்போது கால் முன்னோக்கி நழுவும், விரல்கள் நீளும். அதற்கும் வளர்ச்சிக்குமாகச் சேர்த்து 12 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடலாம் என்பது பொதுவான அறிவுரை. 165உம் 12உம் 177. ஒன்பதாம் நம்பரின் நீளம் 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். ஆக அவளுக்கு வேண்டியது 9.

இரண்டு நம்பர் பெரிதாக 11 வாங்கினால் அதன் நீளம் ஏறத்தாழ 195. அவள் காலுக்கு முன்னே 30 மில்லிமீட்டர் வெற்றிடம். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு குழந்தையின் கால் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். ஓராண்டு முடிந்த பிறகும் அந்த ஷூவுக்குள் 18 மில்லிமீட்டர் இடம் மிச்சம் இருக்கும். அப்போதும் அது அவளுக்குப் பெரிது. விலை மலிவான ஷூ ஓராண்டுக்கு மேல் தாங்குவதில்லை. ஒட்டு விட்டுவிடும், குதிகால் பக்கம் மடிந்துவிடும். அதாவது, வளர்ந்தபின் பொருந்தும் என்று வாங்கப்பட்ட ஷூ ஒருநாள்கூடப் பொருந்தாமலேயே கிழிந்து போகும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி முடித்தபோது நாங்கள் சிறிது நேரம் பேசவில்லை.

சரியான அளவில் வாங்கினால்? ஜூனில் 13 மில்லிமீட்டர் இடைவெளியோடு தொடங்கும் ஒன்பதாம் நம்பர் ஷூவில், பொங்கலையொட்டி ஐந்தாறு மில்லிமீட்டர்தான் எஞ்சியிருக்கும். அப்போது மாற்றியாகவேண்டும். ஆக ஒரு கல்வியாண்டுக்கு இரண்டு ஜோடி. செலவு இரட்டிப்பாகாதா என்று கேட்கலாம். எங்கள் ஊரில் 600 ரூபாய்க்கு விற்கும் பெயர்பெற்ற நிறுவனத்தின் ஷூ ஒன்றுக்குப் பதிலாக, 280 ரூபாய் ஷூவை ஜூனில் ஒன்றும் ஜனவரியில் ஒன்றுமாக வாங்கினோம். 560 ரூபாய். சிறு குழந்தைக்கு ஷூவின் ஆயுளைக் காட்டிலும் பொருத்தமே முக்கியம். ஏழு மாதத்தில் சிறிதாகிவிடப்போகும் பொருள் மூன்றாண்டு உழைக்கவேண்டிய அவசியமில்லை. வரியிலும் சற்றே நிம்மதி வந்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் மலிவான காலணிக்கும் 12 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு 5 விழுக்காடாகக் குறைந்தது.

*

கணக்கு சரியாக இருந்தாலும் வீட்டில் அதை ஏற்காத ஒருவர் இருந்தார். எங்களில் ஒருவரின் தாயார், பிள்ளைகளுக்கு ஆயா. "பொங்கலுக்குக் கையில காசு இருக்கும்னு யாரு கண்டா? இருக்கறப்பவே பெருசா வாங்கிப் போட்டுடணும்" என்றார்.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியவில்லை. ஆயா வளர்ந்தது மணிலா பயிரிடும் ஊரில். மணிலா பிடுங்கி மல்லாட்டையாக விலைபோகும் மாதத்தில்தான் கூலி வீடுகளிலும் நாலு காசு புழங்கும். அடுத்த காசு மறுபோகத்துக்கு. அப்படிப்பட்ட வாழ்க்கையில் இரண்டு நம்பர் பெரிய செருப்பு என்பது ஒருவகைச் சேமிப்பு. பணத்தை வைத்திருந்தால் மருந்துக்கோ மொய்க்கோ போய்விடும், செருப்பாக மாற்றி வைத்தால் அது செருப்பாகவே இருக்கும். காலைப் பற்றிய அறியாமை என்று பட்டணத்து மருத்துவக் குறிப்புகள் எதைச் சொல்கின்றனவோ, அது உண்மையில் வருமானத்தைப் பற்றிய அனுபவ அறிவு. ஆகவே "சரியான அளவில் வாங்குங்கள்" என்று சொல்வதோடு நிறுத்தினால் பாதி அறிவுரைதான். ஜனவரி ஜோடிக்கான பணம் ஜூனிலிருந்தே எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் கண்ட வழி, ஊரில் எல்லோரும் அறிந்த தீபாவளிச் சீட்டின் சிறு வடிவம். வாரம் 20 ரூபாய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் விழும். முப்பது வாரத்தில் 600 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டாவது ஜோடி அதிலிருந்து.

*

அளவெடுப்பதற்கும் ஆயாவின் தலைமுறையிடம் ஒரு முறை இருந்தது. சந்தைக்குப் போகும் தகப்பன் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லமாட்டான். பேருந்துக் கட்டணம் மிச்சம், வெயிலும் மிச்சம். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பிள்ளையின் பாதத்தோடு வைத்து ஒடித்து, மடியில் செருகிக்கொண்டு போவான். கடையில் அந்தக் குச்சியைச் செருப்பின் மீது வைத்துப் பார்த்து வாங்கி வருவான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஹான் ஃபெய் இதேபோன்ற ஒருவனைக் கேலி செய்து ஒரு கதை எழுதியிருக்கிறார். தன் காலை அளந்து வைத்த அளவை வீட்டிலேயே மறந்துவிட்டு ஒருவன் கடைக்குப் போகிறான். அளவை எடுத்துவரத் திரும்பி ஓடுகிறான். அதற்குள் சந்தை கலைந்துவிடுகிறது. போட்டே பார்த்திருக்கலாமே என்று கேட்டவரிடம், காலைவிட அளவைத்தான் நம்புவேன் என்கிறான். சிரிக்கவேண்டிய கதைதான். ஆனால் சிறு குழந்தைகள் விஷயத்தில் அவன் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பெரியவர்கள் ஷூவைப் போட்டுப் பார்த்துக் கடிக்கிறது, இறுக்குகிறது என்று சொல்லிவிடுவார்கள். நாலு வயதுக் குழந்தையின் பாதம் பெருமளவு கொழுப்பும் குருத்தெலும்புமாக மெத்தென்று இருக்கிறது. இறுக்கத்துக்கு வளைந்து கொடுக்குமே தவிர வலியை உடனே காட்டாது. பளபளப்பான ஷூ, விளக்கு எரியும் அடிப்பாகம், கடையின் பரபரப்பு எல்லாம் சேர்ந்து "சரியா இருக்காடா?" என்ற கேள்விக்குக் குழந்தையிடமிருந்து எப்போதும் "இருக்கு" என்ற பதிலையே வரவழைக்கும். நுனியை நாம் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும்போது குழந்தை விரல்களை உள்ளே மடக்கிக்கொள்வதும் உண்டு. இடம் இருப்பதுபோல் நமக்குத் தோன்றும்.

ஆகவே நாங்கள் ஈர்க்குச்சிக்கே திரும்பினோம். முறையில் மட்டும் சில திருத்தங்கள். காலையில் அளப்பதில்லை, நாள்முழுதும் நடந்து ஓடியபின் கால் சற்றே விரிந்திருக்கும் மாலையில் அளக்கிறோம். உட்கார்ந்த நிலையிலும் அளப்பதில்லை. உடல் எடை முழுவதும் பாதத்தில் இறங்கினால்தான் உண்மையான நீளம் தெரியும். குழந்தையைச் சுவரோரம் குதிகால் ஒட்ட நிற்க வைத்து, அடியில் தாள் விரித்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிவரக் கோடு போடுகிறோம். இரண்டு கால்களுக்கும் தனித்தனியே. ஒருவருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரியதையே கணக்கில் கொள்ளவேண்டும். அந்த நீளத்தோடு பெரியவர்களின் சுண்டுவிரல் அகலத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கூடிவிடும். அந்த மொத்த நீளத்துக்கு ஈர்க்குச்சியோ, கெட்டி அட்டையில் வெட்டிய துண்டோ தயார் செய்துகொண்டால், எந்த நம்பர் ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. துண்டு ஷூவின் உள்ளே வளையாமல் முட்டி நின்றால் அதுவே நம் பிள்ளையின் அளவு. ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனங்களின் ஷூக்களில் அரைச் சென்டிமீட்டர் வரை வேறுபாடு இருப்பதை இந்த அட்டைத்துண்டால்தான் கண்டுபிடித்தோம். நடைபாதைக் கடைகளில், நம்பரே இல்லாத குவியலில் தேடும்போது இதைவிட நம்பகமான துணை வேறில்லை.

நீளம் பாதிக் கதைதான். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையே நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்பது அந்த ஆய்வின் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. நமக்கென்று தனி அளவு முறை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பாரதம் என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அதற்குப் 'பா' என்று பெயர். கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள். எங்கள் ஊர்ப் பெட்டிகளின் மீது இன்னும் வாற்கோதுமை எண்களே இருக்கின்றன. ஒடுங்கிய அச்சில் செய்த ஷூவில் அகலமான காலை நுழைக்கப் பெற்றோர் செய்வது என்ன? ஒரு நம்பர், இரண்டு நம்பர் ஏற்றி வாங்குவது. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டுகிறார்கள். பெரிய ஷூ வாங்கும் பழக்கத்துக்கு வருமானம் ஒரு காரணம் என்றால், அன்னியரின் பாதம் மற்றொரு காரணம்.

இதற்குக் கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஷூவின் உள்ளே போட்டிருக்கும் அட்டை கையோடு வருமானால் அதை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மீது குழந்தையை நிற்கச் சொல்லவேண்டும். பக்கவாட்டில் பாதம் பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம். முன்னே சுண்டுவிரல் அகலம் தெரிகிறதா என்பதும் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அட்டை வராத ஷூவுக்கு வீட்டில் வரைந்த பாதக் கோட்டைக் கத்தரித்து எடுத்துப் போய் அடிப்பாகத்தோடு ஒப்பிடலாம். விரல் பக்கம் கூர்மையாக இல்லாமல் அகன்று வட்டமாக இருப்பது, அடிப்பாகம் விரல்கள் மடங்கும் இடத்தில் கையால் எளிதாக வளைவது, குதிகால் பக்கம் அழுத்தினால் நசுங்காமல் நிற்பது, வாரோ ஒட்டுப்பட்டையோ இருப்பது: இவற்றைப் பார்த்தால் போதும். இவை எவற்றுக்கும் விலை கூடுவதில்லை. விளக்கு எரிவதற்குத்தான் கூடுகிறது.

அண்ணனின் ஷூவைத் தங்கைக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒருபக்கமாகத் தேய்ந்து, உள்ளே அண்ணனின் விரல்கள் பள்ளம் பதித்திருந்தால், தங்கை அவன் நடையை நடக்கவேண்டியிருக்கும். அதிகம் போடாத கான்வாஸ், வார்ச் செருப்பு போன்றவற்றில் தடையில்லை. அறுந்த வாரைத் தைக்கவும் விட்டுப்போன ஒட்டைச் சேர்க்கவும் பேருந்து நிலையத்தருகே குடைக்கடியில் அமர்ந்திருப்பவரிடம் முப்பது நாற்பது ரூபாய் கொடுத்தால் இன்னும் மூன்று மாதம் ஓடும்.

*

இவ்வளவு கணக்குக்கும் பிறகு நாங்கள் படித்த ஓர் ஆய்வு, கேள்வியையே மாற்றிப் போட்டது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த யு.பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளைப் பதிவு செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு அது. காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம்; வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. காலணியிலும் விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அதிகம்; திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. தட்டைப்பாதம் பெரும்பாலான குழந்தைகளுக்குத் துன்பம் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். என்றாலும், பாதத்தின் வளைவு உருவாகும் ஆண்டுகளில் அதைத் தரையோடு பழக விடுவது நல்லது என்பதே அவர்கள் கண்டது. சிக்கனம் தேடும் பெற்றோருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடைக்குமா? மிகச் சிறந்த காலணி காசே இல்லாதது.

மகிழ்ச்சியோடு ஆயாவிடம் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது.

அவர் தம் பன்னிரண்டாவது வயதில்தான் முதல் செருப்பு போட்டவர். அதுவும் சேரியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்தபின் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். மாசி, பங்குனியில் பரவாயில்லை. கத்திரி வெயிலில் அந்தத் தெருவின் நீளம் அவருக்குக் காலால் தெரியும். இப்படியொரு கட்டுப்பாடு தமிழகத்தின் பல ஊர்களில் எழுதாச் சட்டமாக இருந்ததை நாம் அறிவோம். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்களே அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாமலிருந்த நாடு இது. வெறுங்கால் ஆரோக்கியமானது என்று 1992இல் ஒரு மருத்துவ இதழ் சொல்வதற்கும், வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும் என்று ஒரு தெரு சொல்வதற்கும் உள்ள தொலைவை நாங்கள் அந்த நிமிடம்வரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

இலக்கியத்திலும் இந்த மண்ணின் கால்கள் பதிவாகியிருக்கின்றன. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்; அவனுடைய கிடங்கில்தான் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கிடங்கல். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் அப்பாட்டில், வெயிலில் நடந்து களைத்த விறலியின் பாதத்தை ஓடி இளைத்த நாயின் நாவுக்கு ஒப்பிடுகிறார். சிவந்து, மெலிந்து, ஈரம் கசிவதுபோல் தோன்றும் பாதம். உடன்வந்த இளைஞர்கள் அந்தக் கால்களை மெல்ல வருடிக்கொடுக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயனுக்குச் செருப்பு உண்டு. 'தொடுதோல்' என்று அதற்கு அழகிய பெயரும் உண்டு. அது தேய்த்துத் தேய்த்து அவன் காலில் தழும்பு ஏறியிருக்கிறது. செருப்பில்லாத கால் கொப்பளிப்பதையும், செருப்புள்ள கால் தழும்பேறுவதையும் இரு புலவர்களும் பார்த்திருக்கிறார்கள். இன்று புளியந்தோப்புகள் அருகிவிட்ட திண்டிவனத்துச் சாலையில் மே மாதத்துத் தாரின் மீது எந்தக் குழந்தையும் வெறுங்காலோடு நடக்கலாகாது. சீமைக் கருவேல முள், உடைந்த புட்டி, ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு எல்லாவற்றுக்கும் மருத்துவ ஆய்வின் வரிகளில் இடமில்லாவிட்டாலும் வீதியில் இடமிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஆயாவே தீர்ப்புச் சொன்னார். "வூட்டுல எப்படியாச்சும் வெறுங்கால்ல ஓடட்டும். தெருவுல எறங்குனா கால்ல செருப்பு இருக்கணும்." அந்த ஆய்வையும் தம் வாழ்க்கையையும் ஒருசேர மதித்து இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டில் இதுவே விதி. பள்ளி நேரத்தில் அளவான ஷூ. வீதியில் வார் வைத்த திறந்த செருப்பு. வீட்டிலும் மாடியிலும் வெறுங்கால். ஷூவுக்குள் கால் இருக்கும் நேரம் குறைந்ததால் ஷூவும் கூடுதல் நாள் உழைக்கிறது.

*

திண்டிவனத்துப் பள்ளியில் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வழங்கும் திட்டம் 2012–13 கல்வியாண்டில் தொடங்கியது. அளவைக் குறித்து அனுப்புவது ஆசிரியர் வேலை. வளரும் பாதத்துக்கு நாலைந்து மாதம் என்பது அரை நம்பர். குறித்த அளவில் வந்த ஜோடி சிலருக்குச் சிறிதாகிவிட்டிருக்கும். அன்று வகுப்பறையில் ஒரு சிறு சந்தை நடக்கும். எல்லா ஜோடிகளையும் வரிசையாக வைத்து, பிள்ளைகள் மாறி மாறிப் போட்டுப் பார்த்து, ஒருவருக்குப் பொருந்தாததை மற்றொருவர் எடுத்துக்கொள்வார்கள். அரைமணி நேரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்திவிடும். அளவைத் தாளில் எழுதும்போதே சுண்டுவிரல் அகலத்தைச் சேர்த்து எழுதிவிட்டால் இந்தச் சந்தை இன்னும் விரைவில் முடிந்துவிடுகிறது என்பது எங்களில் ஒருவர் கண்ட பலன்.

அந்த வகுப்பில் சில பிள்ளைகளின் தாய்மார்கள் விடியுமுன் நிறுவனப் பேருந்தில் ஏறிச் செய்யாற்றுக்குப் போகிறார்கள். அங்கே சிப்காட் வளாகத்தில் தைவான் நிறுவனமொன்றின் ஆலைகள் உலகப் புகழ்பெற்ற ஒரு பெயருக்காக ஷூ செய்கின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த உளுந்தூர்ப்பேட்டையிலும் அத்தகைய ஆலை அமைக்க மற்றொரு தைவான் நிறுவனம் 2023இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. நம் ஊர்ப் பெண்களின் கைகள் உலகத்துக் கால்களின் அளவுகளை எல்லாம் அறிந்துவிட்டன. ஒரு தாய் பள்ளிக்கு வந்திருந்தபோது, தம் மகனின் ஷூவை வாங்கி அடிப்பாகத்தை இருகையாலும் வளைத்துப் பார்த்து, "ஒட்டு சரியில்ல டீச்சர், ரெண்டு மாசந்தான்" என்றார். அவர் சொன்னபடியே இரண்டு மாதத்தில் ஒட்டு விட்டது. அதன்பின் ஷூ வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் அவரையே பேசச் சொன்னோம். மேலே நாங்கள் எழுதியவற்றில் அடிப்பாகம் வளையவேண்டிய இடமும் குதிகால் நிற்கவேண்டிய விதமும் அவர் சொல்லித் தந்தவை.

மகளின் பாதக் கோடுகள் இப்போது ஒரு நோட்டில் தேதியோடு வரிசையாக இருக்கின்றன. ஜூனில் 165, செப்டம்பரில் 168, ஜனவரியில் 172. மூன்று மாதத்துக்கொருமுறை துடைப்பத்திலிருந்து குச்சி உருவுவது ஆயாதான். பேத்தியைச் சுவரோரம் நிறுத்தி, குனிந்து, பாதத்தோடு வைத்துப் பார்த்து, தம் சுண்டுவிரலை முன்னே ஒட்டி வைத்து, அதற்கப்பால் நகத்தால் கிள்ளி ஒடிக்கிறார். பிறகு எங்களிடம் நீட்டி, "இதுக்கு மேல ஒரு நூலும் பெருசு வேணாம்" என்கிறார்.